ஸ்லாப்பை உடைக்கப் போகிறீர்களா? பழங்காசு வைத்திருப்போர் விடும் தவறுகள்

அட்டனில் ஜூன் மழை தொடங்கினால் அலுமாரியில் வைத்த தோல் சப்பாத்து இரண்டு கிழமையில் பூஞ்சணம் பிடித்துவிடும். அதே அலுமாரியில்தான் நம்மில் பலர் எண்ணூறு வருசத்துக் காசையும் வைத்திருக்கிறோம். அதனால், "ஸ்லாப்பை உடைத்துக் காசைக் கையில் எடுத்துப் பாருங்கள், அதில்தான் சுகம்" என்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் சொன்னால், அவர் எந்த ஊர்க் காற்றில் இருந்து சொல்கிறார் என்று முதலில் பாருங்கள்.

ஸ்லாப் என்பது தரம் பார்க்கும் நிறுவனம் காசை உள்ளே வைத்து, ஓரத்தை உருக்கி ஒட்டித் தரும் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி. பழங்காசுகளுக்கு அதிகம் கண்ணில் படுவது என்ஜிசி என்ற அமெரிக்க நிறுவனத்தின் பெட்டி. அதன் சீட்டில் பெரும்பாலும் காசின் எடை இருக்கும். அச்சுக்கு ஐந்தில் எவ்வளவு, மேற்பரப்புக்கு ஐந்தில் எவ்வளவு என்றும் போட்டிருக்கும். எடை பார்க்கத்தான் உடைத்தேன் என்று ஒரு நண்பர் சொன்னார். சீட்டை வாசித்திருந்தால் பெட்டி மிஞ்சியிருக்கும்.

பெட்டிக்குள் காற்றே போகாது என்று நம்புவது இன்னொரு தவறு. போகும், மெதுவாகப் போகும். செம்பு, வெண்கலக் காசுகளில் குளோரைட் உப்பு ஒட்டியிருந்தால், ஈரமும் காற்றும் பட்டதும் வெளிர்பச்சையாகத் தூள் பூக்கும். வெண்கல நோய் என்பது இதுதான். விரல் நகத்தால் தொட்டால் உதிரும்; தூளுக்கு அடியில் குழி விழுந்திருக்கும். நல்ல பழம்பச்சை அப்படி உதிராது, வழுவழுப்பாகக் காசோடு ஒட்டியிருக்கும். ஸ்லாப்புக்குள் அந்தத் தூளைக் கண்டால் யோசிக்காமல் திறக்கலாம். மூடி வைத்திருப்பதுதான் அப்போது தவறு.

மற்றபடி, மலையகத்தில் இருக்கும் நமக்கு உடைப்பது ஒருவழிப் பாதை. பிடிக்காவிட்டால் மறுபடி அனுப்பி ஸ்லாப் போட்டுக்கொள்ளலாம் என்பது அமெரிக்காவில் இருப்பவருக்குச் சரி. நம்மிடம் இருப்பது பராக்கிரமபாகு காலத்து மஸ்ஸ என்ற காசோ, யாழ்ப்பாண அரசரின் சேதுக் காசோ என்றால் கதை வேறு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியவற்றைத் தொல்பொருள் என்கிறது. கண்டி இராச்சியம் கைமாறிய நாள் அது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. கவரில் போட்டுத் தபாலில் சேர்க்கிற வேலையில்லை. அதனால் என் கணக்கு இதுதான்: விலை உயர்ந்த காசு, விற்கும் எண்ணமுள்ள காசு என்றால் தொடாதீர்கள். தேய்ந்த ரோமச் செப்புக்காசு போல மலிவாகக் கிடைப்பதென்றால் தாராளமாகத் திறந்து கையில் உருட்டிப் பாருங்கள்.

சரி, திறப்பதென்று முடிவெடுத்துவிட்டீர்கள். சுத்தியலை எடுக்காதீர்கள். மண்ணுக்குள் பல நூற்றாண்டு கிடந்த வெள்ளி உள்ளுக்குள் மணிமணியாகி நொறுங்கும் தன்மை பெற்றிருக்கலாம். ஒரு அடி போதும், பிஸ்கட் போல இரண்டாகும். முதலில் சீட்டோடு சேர்த்து இரு பக்கத்தையும் படம் எடுங்கள். கண்ணில் தெறிக்காதபடி பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மேசையில் தடித்த துவாயை விரித்து, வெட்டுக்குறட்டால் காசுக்கு எட்டத்தில் உள்ள மூலையில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து வாருங்கள். ஒட்டு விட்டதும் பெட்டி தானாகப் பிளக்கும். சீட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பெட்டி போனபின் காசின் கதைக்கு இருக்கும் ஒரே துண்டு அதுதான்.

வெளியே வந்த காசைப் பார்த்ததும் நம் வீடுகளில் ஒருவருக்காவது கை துறுதுறுக்கும். குத்துவிளக்குக்குப் போடுகிற புளியும் சாம்பலும் காசுக்கு ஆகாது. ஐந்து நிமிடத்தில் பளபளக்கும், பழம்பச்சையோடு பெறுமதியும் கழுவிப் போய்விடும். எலுமிச்சைக்கும் இதே கதிதான்.

நான் விட்ட தவறு இதற்கு அடுத்த கட்டத்தில். நானுஓயாவில் ஒரு ஆடி மாத மாலை, யன்னலுக்கு வெளியே பனிமூட்டம் நிற்க, சின்ன ரோமக் காசொன்றைத் திறந்தேன். எங்கே வைப்பது என்று யோசித்திருக்கவில்லை. கையில் கிடைத்த மெதுமெதுப்பான பிளாஸ்டிக் உறையில் போட்டேன். தைப்பொங்கலுக்கு எடுத்துப் பார்த்தால் காசில் பச்சைப் பிசின். உறை பிவிசி, நாளாக நாளாகப் பிசின் விடும் பிளாஸ்டிக். சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்துப் பிசினை எடுத்தேன் (நகப்பூச்சு நீக்கியில் வேறு சாமான்கள் கலந்திருக்கும், அது வேண்டாம்), ஆனால் அரசர் முகத்தில் ஒரு தழும்பு நின்றுவிட்டது.

இப்போது நான் திறப்பது மாசி, பங்குனி வெயிலில் மட்டும். அதற்கு முன்பே மைலார் உறை (பிவிசி இல்லாத பிளாஸ்டிக்), இறுக மூடும் டப்பா, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மூன்றும் மேசையில் இருக்கும். சப்பாத்துப் பெட்டியில் வந்த பழைய பொட்டலம் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். நிறம் மாறுகிற வகையாக வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று அதுவே காட்டிவிடும்.