வளவுக்குள் மீன் தொட்டி: மீன்கொத்தி, கொக்கு, கபரகொய்யாவிடமிருந்து காப்பது எப்படி?

பத்துத் தங்க மீன்களில் ஏழு காணாமற்போனபோது, பக்கத்து வளவு மாமியின் பூனையைத்தான் முதலில் சந்தேகித்தேன். சந்தேகித்ததோடு நில்லாமல் வேலியருகே போய் முறையிட்டும் விட்டேன். மாமி கோபிக்கவில்லை. "தம்பி, தண்ணீர் பட்டாலே என் பூனை ஓடிவிடும். நாளைக்கு விடிய எழும்பிப் பாருங்கள்" என்றார். எழும்பினேன். ஆறரை மணியளவில் தொட்டிக்கு மேலே போகும் மின்கம்பியில் ஒரு வெண்மார்பு மீன்கொத்தி வந்து அமர்ந்தது. பழுப்புத் தலை, நீல முதுகு, சிவந்த அலகு. ஒரே பாய்ச்சல். எட்டாவது மீனும் போயிற்று. மாமியிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் தேநீர் தந்தார், அது தனிக்கதை.

திருகோணமலையில், சாம்பல்தீவுக் களப்புக்கு அண்மையில் எங்கள் வளவு. இங்கே தொட்டி கட்டி மீன் விடுவது சுலபம், விட்ட மீனை வைத்திருப்பதுதான் கடினம். வழி தேடி இணையத்தில் தட்டினால் எல்லோரும் ரக்கூனைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். ரக்கூன் வட அமெரிக்க விலங்கு, இலங்கைக் காடுகளில் கிடையாது. ஆனால் அந்த அறிவுரைகளில் ஒரு பகுதி நமக்கும் பயன்படும். ரக்கூன் பெரும்பாலும் கரையோர ஆழமற்ற தண்ணீரில் முன்கால்களால் துழாவித்தான் இரை தேடும். ஆகவே ஆழமும் செங்குத்தான ஓரமும் அதற்குத் தடை. நம் ஊர்க் குருட்டுக்கொக்குக்கும் அதே தடை பொருந்தும். உடும்பைப் போன்ற பெரிய பல்லியான, நீந்தத் தெரிந்த கபரகொய்யாவுக்கு அது ஒரு தடையே அல்ல. யாருக்காகக் காவல் போடுகிறோம் என்று தெரியாமல் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

முதல் வேலை: திருடனை அடையாளம் காணுங்கள்

நம் வளவுகள் மணல் வளவுகள். அதுவே பாதி வேலையை முடித்துவிடும். பொழுதுபடும்போது தொட்டியைச் சுற்றி நான்கடி அகலத்துக்கு ஈர்க்கு விளக்குமாற்றால் சீராகப் பெருக்கி விடுங்கள். விடியற்காலையில், கோழியும் பிள்ளைகளும் மிதிப்பதற்கு முன் போய்ப் பாருங்கள். பிறகு மறுபடி பெருக்கிவிட்டு மாலையிலும் பாருங்கள். மூன்று நாள் இப்படிச் செய்தால் போதும்.

காலடிகளுக்கு நடுவே வால் இழுபட்ட நீண்ட கோடு இருந்தால் கபரகொய்யா அல்லது உடும்பு. இரண்டும் பகலில் நடமாடுபவை, ஆகவே கோடு பெரும்பாலும் மாலைப் பார்வையில்தான் தெரியும். கறுத்த உடலில் மஞ்சள் புள்ளிகளுடன் தண்ணீரை விட்டு விலகாமல் திரிவது கபரகொய்யா. மங்கிய பழுப்பு நிறத்தில் தரையில் பூச்சி தேடித் திரிவது உடும்பு. தொட்டிக்கு ஆபத்து முன்னதால்தான். மூன்று விரல் முன்னும் ஒரு விரல் பின்னுமாக நீண்ட தடம் இருந்தால் கொக்கு. வட்டமான பாதத் தடம் இரவில் விழுந்திருந்தால் பூனை. ஊர்ப் பூனையின் தடத்தை விட வெளிப்படையாகப் பெரிதாக இருந்தால் மீன்பிடிப் பூனையாக இருக்கலாம். தடமே இல்லாமல் சின்ன மீன்கள் மட்டும் குறைந்தால் மேலே பாருங்கள்: மின்கம்பி, முருங்கைக் கிளை, மதில். அங்கே மீன்கொத்தி இருக்கும். தொட்டியோரத்தில் மீன் தலையும் செதிலும் சிதறிக் கிடந்தால் நீர்நாயாகவும் இருக்கலாம். களப்பும் ஆறும் குளமும் அருகில் உள்ளவர்கள் மட்டும் இதை யோசித்தால் போதும்.

கோட்டைப் பக்கமும் நகரத்துக்குள்ளும் இருப்பவர்களுக்கு வேறொரு விருந்தாளி உண்டு. பிரட்ரிக் கோட்டைக்குள்ளும் தெருக்களிலும் உலாவும் புள்ளிமான்கள் மீனைத் தொடாது. தண்ணீர் குடிக்க வரும். தொட்டிக்குப் பொலித்தீன் விரித்திருந்தால் குளம்பு பட்டு அது கிழியும். அதற்கு மருந்து வேலியல்ல, படலைக்கு அருகில் தனியாக ஒரு சட்டித் தண்ணீர். சட்டியை இரண்டு நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவி நிரப்புங்கள், இல்லாவிட்டால் நுளம்பு வளரும். கந்தளாய்ப் பக்கம் வீடுள்ளவர்கள் யானைக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். அதற்கு இந்தப் பதிவில் பதில் இல்லை.

இரண்டாவது வேலை: கிணற்றடியைத் துப்புரவாக்குங்கள்

இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. காலையில் மீன் வாங்கி, கிணற்றடியில் வைத்து வெட்டி, குடலையும் செதிலையும் வாழைமரத்தடியில் எறிவது நம் வழக்கம். காகமும் பூனையும் கபரகொய்யாவும் வளவுக்குள் வரப் பழகுவது அந்த வாசனைக்குத்தான். அழைப்பிதழை நாமே கொடுத்துவிட்டு, வந்த பிறகு கல்லெறிகிறோம். மீன் கழிவை ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து மேலே ஒரு பாரமான கல்லை வையுங்கள். எங்கள் வளவில் இதை மட்டும் செய்த இரண்டு கிழமையில் கபரகொய்யாவின் வரவு நன்றாகக் குறைந்தது.

மூன்றாவது வேலை: தொட்டியின் வடிவம்

புதிதாகக் கட்டுவதானால் சரிவான கரை வேண்டவே வேண்டாம். படத்தில் அழகாக இருக்கும், கொக்குக்கு அது படிக்கட்டு. குருட்டுக்கொக்கு ஏறக்குறைய ஒன்றரை அடி நீளமுள்ள சிறிய பறவை. நிற்கக் கால் எட்டும் இடம் இருந்தால்தான் அது மீன் பிடிக்கும். ஓரம் செங்குத்தாகவும், நீர்மட்டம் விளிம்பிலிருந்து எட்டு அங்குலம் கீழேயும், ஆழம் இரண்டரை முதல் மூன்றடி வரையும் இருக்கட்டும். விளிம்பு தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்ந்திருந்தால் மழைவெள்ளமும் உள்ளே வராது.

ஏற்கெனவே சரிவாகக் கட்டிவிட்டீர்களா? உடைக்க வேண்டாம். சரிவின் மேல் சீமெந்துக் கற்களை ஒரு வரிசை நிறுத்திச் செங்குத்தாக்கி விடலாம். புதிய சீமெந்து வேலைக்குப் பிறகு மூன்று நான்கு தடவை தண்ணீர் நிரப்பி, ஊறவிட்டு இறைத்த பின்பே மீனை விடுங்கள். சீமெந்துக் காரம் மீனைக் கொல்லும். இந்தப் படியை அவசரத்தில் தாண்டுபவர்கள் பிறகு கொக்கைக் குறைசொல்லவும் வழியில்லை.

அடியில் ஒளிவிடம் கொடுங்கள். நான்கு அங்குலப் பிவிசி குழாயை இரண்டடித் துண்டுகளாக அறுத்து, விளிம்பின் கூர்மையை அரத்தால் தேய்த்து, இருபுறமும் திறந்தபடி கல் வைத்து அமிழ்த்துங்கள். தங்க மீனும் கப்பியும் நிழல் அசைந்தாலே அதற்குள் புகுந்துவிடும். அல்லிச் செடி வைத்தால் மேற்பரப்பில் பாதியை இலைகள் மூடும். மேலேயிருந்து பார்க்கும் மீன்கொத்திக்கு மீன் தெரியாது.

நான்காவது வேலை: மூடி

இதுதான் முக்கியமான வேலை, என் பிழையும் இங்கேதான். கடற்கரையில் கிழிந்த தங்கூசி (மெல்லிய நைலோன் இழை) வலை சும்மா கிடைத்தது. கொண்டுவந்து தொட்டிமேல் தொளதொளவென்று போட்டேன். நான்காம் நாள் ஒரு தண்ணீர்ப்பாம்பு அதில் சிக்கி, நெளிய நெளிய இறுகிக் கிடந்தது. விஷமில்லாத பாம்புதான், ஆனால் நன்றாகக் கடிக்கும். வலையைத் துண்டு துண்டாகக் கத்தரித்து அதை விடுவிக்க ஒரு மணித்தியாலம் ஆயிற்று. தங்கூசி கண்ணுக்குத் தெரியாது, பறவையின் காலையும் பாம்பின் கழுத்தையும் அறுக்கும். தொட்டிக்கு அது வேண்டாம்.

வேண்டியது சட்டம் அடித்த கம்பி வலை. எட்டடிக்கு ஐந்தடித் தொட்டியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒரே மூடியாகச் செய்தால் தூக்க இருவர் வேண்டும். ஆகவே நான்கடிக்கு ஐந்தடியாக இரண்டு மூடிகள் செய்யுங்கள். சட்டத்துக்குப் பனஞ்சிலாகை நல்லது, கடற்காற்றைத் தாங்கும். ஒரு அங்குலக் கண்ணுள்ள, சந்திகள் ஒட்டப்பட்ட கம்பி வலையை வாங்குங்கள். வெறும் கம்பி நம் உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும், பச்சைப் பிளாஸ்டிக் பூசியது கூடுதல் நாள் நிற்கும். வலையைச் சட்டத்தின் மேல் இழுத்துப் பிடித்து, ஒரு சாணுக்கு ஒன்றாக யூ வடிவ ஆணி அடியுங்கள். அறுத்த கம்பி முனைகளைக் குறட்டால் உள்பக்கம் மடியுங்கள், இல்லையேல் உங்கள் கைதான் முதலில் கிழியும்.

வலைக்கும் தண்ணீருக்கும் இடையில் பத்து அங்குலம் இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் கொக்கு வலைமேல் நின்றுகொண்டே கண்ணுக்குள் அலகை விட்டுக் குத்தும். நம்பாதவர்கள் ஒரு நாள் பார்த்துவிட்டு வாருங்கள். மூடியின் ஒரு பக்கத்துக்குப் பிணைச்சல், மறுபக்கத்துக்கு இரண்டு கொழுக்கி. பாரத்துக்குக் கல் வைத்தால் போதாது. வளர்ந்த கபரகொய்யா மூக்கால் நெம்பிவிடும்.

இரண்டு மூடிகளில் ஒன்றின் மேல் கிடுகு கட்டுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாக வீசும்போது தண்ணீர் சூடேறி மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். கிடுகின் நிழல் அதைத் தணிக்கும், மீன்கொத்தியின் கண்ணையும் மறைக்கும். அதே கச்சான் கிடுகைத் தூக்கி எறியும் என்பதால் நான்கு மூலையிலும் கட்டு வேண்டும். தீனியையும் கிடுகுப் பக்கமே போடுங்கள். திறந்த பக்கம் போட்டால் நிழல் விழுந்ததும் மேலே வர மீன் பழகிவிடும். அதற்கு உங்கள் நிழலும் கொக்கின் நிழலும் ஒன்றுதான்.

வீட்டில் நடைபயிலும் பிள்ளை இருந்தால் மூடி மீனுக்காக மட்டுமல்ல. கொழுக்கிக்குப் பதில் பூட்டே போடுங்கள்.

மூடி போட முடியாத பெரிய தொட்டி என்றால்

கொக்கு நேராகத் தண்ணீருக்குள் இறங்குவது குறைவு. பெரும்பாலும் பக்கத்தில் இறங்கி நடந்தே வரும். விளிம்பிலிருந்து ஒரு அடி தள்ளி முளைகள் அடித்து, அரைச் சாண் உயரத்தில் ஒரு கயிறும் ஒரு சாண் உயரத்தில் இன்னொன்றும் இறுக்கிக் கட்டுங்கள். காலில் தட்டுப்பட்டால் திரும்பிவிடும். மீன்கொத்திக்கு இது உதவாது, அதற்கு அல்லியும் ஒளிவிடமும்தான்.

கபரகொய்யாவுக்கு வழுக்கும் சுவர் வேண்டும். தொட்டியின் வெளிப்பக்கத்தைச் சுற்றி இரண்டடி உயரத்துக்குத் தட்டையான தகரத்தை நிறுத்துங்கள். கரடுமுரடான சீமெந்தில் நகம் பதியும், தகரத்தில் பதியாது. கீழே அரை அடி மண்ணுக்குள் போகட்டும், அது தோண்டவும் கூடியது. மேல் விளிம்பை மடித்துவிடுங்கள். மடிப்பில் மழைநீர் தேங்கவும் விடாதீர்கள். தொட்டிக்குள் விழும் நுளம்புக் குடம்பியை மீன் தின்றுவிடும், தகர மடிப்பில் மீன் இல்லை. சாய்ந்து நிற்கும் கிளை, ஏணி, விறகு எதுவும் அருகில் வேண்டாம்.

பளபளக்கும் இறுவட்டு, இறப்பர்ப் பாம்பு, சூரிய ஒளி விளக்கு எல்லாம் முயன்று பார்த்தேன். ஒரு கிழமைக்கு மரியாதை இருந்தது. பிறகு இறப்பர்ப் பாம்பின் மேலேயே காகம் உட்கார்ந்தது.

செய்யக் கூடாதவை

நஞ்சு, சுருக்கு, வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சுவது ஆகிய மூன்றையும் நினைக்கவே வேண்டாம். மின்கம்பியில் மாட்டுவது பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். கபரகொய்யா, உடும்பு, மீன்பிடிப் பூனை, நீர்நாய் எல்லாம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனஜீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் காக்கப்பட்டவை. கொல்வதும் பிடிப்பதும் குற்றம். மீன்பிடிப் பூனையைக் கண்டு "புலிக்குட்டி" என்று ஊரைக் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஊர்ப் பூனையைப் போல் இரண்டு மடங்கு பருமனான, நீந்தி மீன் பிடிக்கும் காட்டுப்பூனை. விரல்களுக்கிடையே சிறிது சவ்வும் உண்டு. உலகளவில் அருகிவரும் விலங்கு. கொழுக்கி போட்ட மூடியைக் கண்டால் தன் வழியே போய்விடும். வளவுக்குள் சிக்கிக்கொண்டாலோ காயப்பட்டுக் கிடந்தாலோ வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். கபரகொய்யாவை மூலையில் மடக்கவும் கூடாது. வாலால் அடித்தால் முழங்காலுக்குக் கீழே தடித்துவிடும்.

தொட்டிக்குள் ஒரு கரடுமுரடான பலகையைச் சாய்வாக வைத்துவிடுங்கள். வலைக்கண்ணால் உள்ளே விழும் ஓணானும் தவளையும் ஏறி வெளியேற அது வேண்டும். இல்லாவிட்டால் அவை செத்து அழுகி, தண்ணீர் கெட்டு, அந்த நாற்றத்துக்கே அடுத்த விருந்தாளி வருவார்.

மழைக்கு முன் ஒரு வேலை

ஐப்பசியில் வடகீழ்ப் பருவ மழை பிடித்தால் தை வரை விட்டுவிட்டுப் பெய்யும். ஒரே இரவில் தொட்டி நிரம்பி வழிந்து மீன் முற்றத்துக்கு வந்த கதைகள் இங்கே நிறைய உண்டு. அப்படி வந்த மீனுக்காகக் காத்திருக்கும் கொக்குக்கு வலையும் தேவையில்லை, வாய்க்காலும் தேவையில்லை. விளிம்புக்கு ஆறு அங்குலம் கீழே இரண்டு அங்குலக் குழாய் ஒன்றைப் பொருத்துங்கள். உள்வாயில் நுண்ணிய வலையை மடித்துக் கட்டுங்கள், கப்பிக் குஞ்சு கூடப் போகாத அளவுக்கு. திலாப்பியா வளர்ப்பவர்கள் இரட்டை வலை கட்டுங்கள். அது தப்பி வாய்க்காலில் இறங்கினால் உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துவிடும். மழைக்காலத்தில் கிழமைக்கு ஒருமுறை அந்த வலையில் அடைபடும் வேப்பிலையை அள்ளி எறியுங்கள். புரட்டாதி முடிவதற்குள் குழாய் பொருத்தியிருந்தால் சரி.