தட்டுக்கு அவசரப்படாதீர்கள்: போன்சாய் வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் மொட்டைமாடி வைத்திருப்பவர்களிடம் போன்சாய் (ஆழமில்லாத தட்டில் குட்டையாக வளர்க்கும் மரம்) ஆசை கொஞ்ச காலமாகவே கூடியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் யாராவது ஒருவர் ஸ்கூட்டரில் காலடியில் தொட்டியை வைத்துக்கொண்டு வந்து இறங்குகிறார். வர முடியாதவர்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி "என்ன பிரச்சினைன்னு பாருங்க" என்கிறார்கள். பார்க்கவே வேண்டாம், பெரும்பாலும் அதே நாலைந்து கோளாறுதான். இந்தப் பக்கம் பழைய ஆட்கள் எல்லோருமே ஒரு காலத்தில் பண்ணியவை.

அதிகமாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள், பூச்சி வந்தால் வேப்பெண்ணெய் தெளியுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதை நர்சரிக்காரரே சொல்லி அனுப்புவார்.

ஹாலில் டீப்பாய் மேல் வைப்பது

வேண்டாம். அது மரம். வெளியே வையுங்கள்.

கன்றைத் தட்டில் நடுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதைப் பார்த்தால்தான். செத்துப்போன செடியைப் பார்த்தால்கூட இவ்வளவு வருவதில்லை. செத்தால் வேறு கன்று வாங்கிக்கொள்ளலாம். இதில் செடி நன்றாக உயிரோடு இருக்கும், வருஷங்கள் மட்டும் போய்விடும்.

சமீபத்தில் ஒரு தம்பி வந்திருந்தார். நீல மெருகு போட்ட பீங்கான் தட்டு, நல்ல விலை கொடுத்து வாங்கியது. அதில் ஆல் இனத்தைச் சேர்ந்த ஓர் இச்சி மரம். தண்டு சுண்டுவிரல் பருமன், அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக. "அண்ணே, எட்டு வருஷமா வச்சிருக்கேன். இன்னும் கன்று மாதிரியேதான் இருக்கு. வயசான மரம் மாதிரி ஏன் தெரிய மாட்டேங்குது?" என்றார். இலையெல்லாம் பளபளவென்று இருந்தது. ஒரு பூச்சி இல்லை, ஒரு மஞ்சள் இலை இல்லை. வாரம் தவறாமல் நுனி கிள்ளுகிறார், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து வேரை வெட்டி மறுபடி வைக்கிறார். புத்தகத்தில் போட்டிருக்கிற எல்லாம் செய்கிறார். அதையெல்லாம் செய்ததால்தான் தண்டு பருக்கவில்லை.

தண்டு பருப்பதென்றால் பட்டைக்கு அடியில் புதுக் கட்டை அடுக்கடுக்காகச் சேர வேண்டும். அதற்கான சாப்பாடு மேலே உள்ள இலைகளிலிருந்து இறங்கி வருகிறது. தலைக்கு மேலே நிறைய இலை, தரைக்குக் கீழே ஓட நிறைய இடம், இரண்டும் இருந்தால்தான் வேகம். தட்டில் இருப்பது இரண்டு அங்குல மண். வேர் அதை நிரப்பியதும் மேலே வளர்ச்சி மட்டுப்படும். போதாததற்கு மேலே விடுகிற துளிரையும் நாம் கிள்ளிவிடுகிறோம். அப்புறம் தண்டு எதை வைத்துப் பருக்கும்? தட்டு என்பது உருவாகி முடிந்த மரத்தை அந்த அளவிலேயே வைத்திருக்கும் ஏற்பாடு. பால்குடி மறக்காத பிள்ளைக்குக் கல்யாணம் பண்ணி வைப்பதுபோல, கன்றைக் கொண்டுபோய் அதில் உட்கார வைக்கிறோம்.

தம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் ஒரு ஒருநாள் வகுப்புக்குப் போயிருக்கிறார். கட்டணத்தோடு சேர்த்து ஒரு கன்று, ஒரு தட்டு, கொஞ்சம் கம்பி. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் ஆளுக்கொரு போன்சாய் கையில், வரிசையாக நின்று போட்டோ. அந்தக் கன்று பத்து வருஷம் கழித்தும் ஏறக்குறைய அதே பருமனில்தான் இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த வகுப்புக்கு ஆள் வராது.

ஜப்பானில் இப்படியா செய்கிறார்கள்? தகமாட்சு நகரத்தில் கினாஷி, கொகுபுஞ்சி என்று இரண்டு பகுதிகள் உண்டு. அந்த நாட்டுப் பைன் போன்சாயில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. அங்கே பைன் கன்றுகள் நிற்பது வயலில். நாம் கத்தரி நடுவதுபோல வரிசை பிடித்து நட்டு, வருஷக்கணக்கில் மண்ணில் ஓடவிட்டு, வெட்டி, திரும்ப ஓடவிட்டு, தண்டு தேறிய பிறகுதான் தொட்டிக்கு மாற்றுகிறார்கள். தட்டு கடைசியில் வருவது. இன்னொரு பக்கம், மலையிலும் பாறையிலும் ஏற்கெனவே முதிர்ந்து குட்டையாய் நின்ற மரங்களை எடுத்துவந்து பழக்கியவை. எப்படிப் பார்த்தாலும் தண்டு தட்டுக்கு வெளியே உருவானது. நம் ஆட்கள் கண்காட்சிப் படத்தில் மரத்தையும் தட்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, தட்டுதான் மரத்தை அப்படி ஆக்கியது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்? தரை இருந்தால் தரையில் நடுங்கள். நடும்போது வேருக்கு அடியில் ஓர் உடைந்த ஓடோ டைல்ஸோ வைத்து அதன்மேல் வேரைச் சுற்றிலும் விரித்துவிடுங்கள். ஆணிவேர் கீழே இறங்காது, பக்கவேர்கள் பருக்கும். பின்னால் தட்டில் வைக்கும்போது அந்த வேர்கள்தான் மரத்துக்கு வயசைக் கொடுக்கும். தரை இல்லாதவர்களுக்குச் சந்தையில் தக்காளி வருகிற பிளாஸ்டிக் கூடை போதும். சுற்றிலும் ஓட்டை இருப்பதால் விளிம்புக்கு வரும் வேர்நுனி காற்றுப் பட்டுக் காய்ந்து, உள்ளேயே கிளைத்துக்கொள்ளும். தொட்டிக்குள் வேர் சுருண்டு சுற்றுகிற தொல்லை இல்லை.

பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இதுதான் யாராலும் முடிவதில்லை. ஆளுயரம் போகட்டும், விடுங்கள். மாடியில் இருப்பது காட்டுச்செடி மாதிரி தெரியும், வீட்டில் "இதுவா போன்சாய்" என்று கேட்பார்கள், கேட்கட்டும். அடித்தண்டு நீங்கள் நினைத்த பருமனுக்கு வந்ததும் வெட்டுங்கள். மரத்தின் உயரம் அடிப்பருமனைப்போல ஆறு மடங்கு என்பது பழைய கணக்கு. முடிவில் 12 அங்குல மரம் வேண்டுமென்றால் அடியில் 2 அங்குலத் தண்டு. முதல் வெட்டு அந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில், அதாவது 4 அங்குலத்தில். இச்சி, ஆல் வகைகள் வெட்டிய இடத்துக்குக் கீழே தாராளமாகத் துளிர்க்கும். அதில் ஒன்றைத் தலைக்கிளையாக வைத்துக்கொண்டு மறுபடி ஓடவிடுங்கள். அது கீழ்த்தண்டில் பாதிக்கு மேல் பருத்ததும் அடுத்த வெட்டு. இப்படி இரண்டு மூன்று முறை போனால்தான் அடி பருத்து நுனி சிறுத்துப் போகும் அந்த வடிவம் வரும். வேறு குறுக்குவழி கிடையாது.

கிடையாது என்றேன், ஒன்று உண்டு. இச்சிக் கன்றுகள் ஐந்தாறைச் சேர்த்து நெருக்கிக் கட்டி வைத்தால் நாளாவட்டத்தில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தண்டாகிவிடும். புளியிலோ காகிதப்பூவிலோ இதை முயல வேண்டாம்.

இன்னொன்று, கன்றே வாங்காமல் ஆரம்பிக்கலாம். பழைய வீட்டுக் கைப்பிடிச்சுவர், தண்ணீர்க் குழாய் மூட்டு, பாலத்து ஓரம் என்று காக்கையும் குயிலும் போட்ட அரசும் ஆலும் இச்சியும் எங்கும் முளைத்திருக்கின்றன. வெள்ளையடிக்க வருகிறவர்கள் எப்படியும் பிடுங்கித்தான் எறியப் போகிறார்கள். சுவரிடுக்கில் வருஷக்கணக்கில் நசுங்கிக் கிடந்த அடித்தண்டுக்கு ஒரு முறுக்கு இருக்கும், பணம் கொடுத்தாலும் நர்சரியில் அது கிடைக்காது. கேட்டு வாங்குங்கள். அரசை மட்டும் யோசித்து எடுங்கள். இலை பெரிது, வெட்டிய கிளை பின்பக்கம் காய்ந்துகொண்டே போகும்.

அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இந்தத் தட்டு?" என்றார். "கழுவிப் பரண்ல வைங்க, அது எங்கயும் போகாது" என்றேன். முகம் விழுந்துவிட்டது. இச்சி இன்னும் அந்த நீலத் தட்டில்தான் இருக்கிறது என்று கேள்வி.

கட்டுக்கம்பியால் கிளையை வளைப்பது

வீடு கட்டியபோது மிச்சமான கட்டுக்கம்பி எல்லா வீட்டிலும் ஒரு சுருள் கிடக்கும். அது மெல்லிசு, ஆனால் விறைப்பு. கிளையை வளைத்துப் பிடிக்கத் தெம்பில்லை, பட்டையை அறுக்க மட்டும் தெம்பு உண்டு. மழையில் நனைந்தால் துரு வேறு. போன்சாய்க்கென்று விற்கும் அலுமினியக் கம்பியை வாங்குங்கள். கிளைப் பருமனில் மூன்றில் ஒரு பங்கு கனம், ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் சுற்று.

கம்பி போட்டதைவிட அதை மறந்துவிடுவதுதான் பெரிய சேதம். குளிர்நாட்டு மரத்துக்குச் சொல்லும் "ஆறு மாதம், ஒரு வருஷம்" கணக்கு இங்கே ஆகாது. மழைக்காலத்தில் இச்சி ஓடுகிற ஓட்டத்தில் சில வாரத்திலேயே கம்பி உள்ளே இறங்கிவிடும். கிளையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், முதலில் தெரிவது அங்கேதான். கம்பியின் இரு ஓரத்திலும் பட்டை லேசாக உப்பி, நடுவில் கோடு பளிச்சென்று தெரிந்தால் அன்றைக்கே எடுக்க வேண்டும். நாளைக்கு என்று விட்டால் அந்தச் சுருள் தழும்பு வருஷக்கணக்கில் இருக்கும். எடுக்கும்போது திருப்பிச் சுற்றிக் கம்பியை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் கட்டர் வைத்துத் துண்டாக்குங்கள். இருபது ரூபாய்க் கம்பியைக் காப்பாற்றப் போய்க் கிளை ஒடிந்ததை நிறையப் பார்த்தாயிற்று.

புளியில் முற்றிய கிளை படக்கென்று முறியும். பச்சையாக இருக்கும்போதே வளைத்துவிடுங்கள்.

செம்மண், மணல், எரு

நர்சரிகளில் எதற்கெடுத்தாலும் சொல்லும் கலவை இது. ஆழமான தொட்டிக்குப் பரவாயில்லை, தட்டுக்கு ஆகாது. எந்தத் தொட்டியிலும் தண்ணீர் வடிந்த பிறகு அடியில் கொஞ்ச உயரத்துக்கு மண் ஈரம் சொட்டச் சொட்ட நிற்கும். அந்த உயரம் மண் துகள்களின் பருமனைப் பொறுத்தது, தொட்டியின் ஆழத்தைப் பொறுத்தது இல்லை. ஒரு அடித் தொட்டியில் அது அடிமட்டத்தோடு போய்விடும். இரண்டு அங்குலத் தட்டில் பொடிமண்ணைப் போட்டால் முக்கால்வாசி வேரும் அந்தச் சேற்றில்தான் இருக்கும். ஐப்பசி மழையில் நாலு நாள் விடாமல் பெய்தால் அழுகல்.

ஜப்பானிலிருந்து வரும் அகடாமா மண் வேண்டும் என்று அலைய வேண்டியதில்லை. நன்றாக வெந்த செங்கல்லை உடைத்து, மாவைச் சலித்துக் கொட்டிவிட்டு, மிளகிலிருந்து கொண்டைக்கடலை வரையுள்ள குருணையை எடுங்கள். அதோடு பருமணலும் கொஞ்சம் மக்கிய தொழு உரமும். சலிக்கச் சோம்பல்பட்டு மாவோடு போட்டால் செம்மண்ணே தேவலாம். இந்தக் கலவை சீக்கிரம் காயும் என்பதால் அக்னி நட்சத்திரத்தில் காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர், மேலே பச்சை வலை. அடைமழைக்குத் தட்டின் ஒரு பக்கம் கட்டை வைத்துச் சாய்த்துவிடுங்கள், ஓரமாக வடிந்துவிடும்.

மேலே ஒட்டிய கூழாங்கல்

கடையில் வாங்கியதில் கல்லெல்லாம் பசை போட்டு ஒட்டியிருந்தால் வந்த அன்றே பெயர்த்து எறியுங்கள். தண்ணீர் உள்ளே போகாது.

ஒரே நாளில் எல்லாம்

கிளை வெட்டு, கம்பி, இலை உருவுதல், வேர் வெட்டு, தட்டு மாற்றம். லீவு கிடைத்த நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று தோன்றும். ஒன்றைச் செய்துவிட்டு, புதுத் துளிர் வந்து முற்றும்வரை மற்றதைத் தொடாதீர்கள். அதிலும் வேரை வெட்டிய கையோடு கம்பி முறுக்குவது செடியைக் கொல்வதற்கு நிச்சயமான வழி. சித்திரை வெயிலில் வேரில் கை வைக்கவே வைக்காதீர்கள்.

ஜூனிப்பர்

இது குளிர்நாட்டு ஊசியிலை மரம். இணையத்தில் போன்சாய் என்று தேடினால் முதலில் வருவது இதன் படம்தான், அதனால் எல்லோருக்கும் இதுதான் வேண்டும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருந்தால் முயன்று பாருங்கள். மதுரையிலோ திருச்சியிலோ வேண்டாம். இதில் ஒரு ஏமாற்று வேறு. ஜூனிப்பர் செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். "போன வாரம்வரை நல்லா இருந்துச்சு" என்று கொண்டுவருகிறார்கள். நகத்தால் தண்டை லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சைக்குப் பதில் காய்ந்த பழுப்பு. அது போய்ப் பல நாளாகியிருக்கும்.

பட்டினி போட்டால்தான் குட்டையாக இருக்கும் என்பது

தவறு. வெட்டுவதால் குட்டையாகிறது. செங்கல் குருணையில் சத்து என்று ஒன்றும் இல்லை, நாம் போட்டால்தான் உண்டு. கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துத் தெளிந்த நீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து, துளிர்க்கிற காலம் முழுக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றுங்கள். மூன்றாம் நாளே வாடை கிளம்பும். பக்கத்து மாடியில் வடகம் காயவைத்திருந்தால் அன்றைக்கு வாளியைத் திறக்காதீர்கள்.