இங்கிலீஷில ‘ஐ’யா, ‘மீ’யா? ஓ.எல். சோதினை எடுக்கிற பிள்ளைகளுக்கு
‘அம்மா அண்ட் மீ வென்ட் டு கிளிநொச்சி’ எண்டு எழுதிப்போட்டு, சரியோ பிழையோ எண்டு முழுசாதேங்கோ. ‘அம்மா அண்ட்’ எண்டதைக் கையால மறைச்சு வாசியுங்கோ: ‘மீ வென்ட்’. காதே பிழையெண்டு சொல்லும். அப்ப ‘அம்மா அண்ட் ஐ’ தான்.

‘மாமா கால்ட் அம்மா அண்ட் மீ’ எண்டா மீ சரி, ஏனெண்டா அது செயப்படுபொருள். அங்கயும் ஐ போட்டால்தான் ஸ்டைல் எண்டு நினைக்கிற ஆக்களும் இருக்கினம்! ஹீ–ஹிம், ஷீ–ஹெர், தே–தெம் எல்லாம் இதே வழி. யூவும் இட்டும் மட்டும் எங்க போட்டாலும் மாறாது.

தமிழில ‘மாட்டை நாய் கலைச்சது’ எண்டு மாத்திப் போட்டாலும் வேற்றுமை உருபு காப்பாத்தும். இங்கிலீஷில அந்த ஒழுங்கிலேயே ‘த கவ் சேஸ்ட் த டோக்’ எண்டு எழுதினா, மாடெல்லோ நாயைக் கலைக்கும். யூவும் இட்டும் மட்டும் எங்க போட்டாலும் மாறாது.