நனைந்துபோன மாடல் ரயில் தளத்தைக் காப்பாற்ற
மாடல் ரயில் ஓடும் பலகைத் தளத்தில் தண்ணீர் இறங்கிவிட்டால் முதலில் டிரான்ஸ்ஃபார்மர் பிளக்கைப் பிடுங்குங்கள், நன்றாகக் காயும்வரை கரண்டே வேண்டாம். மின்விசிறிக் காற்று போதும், ஹேர் டிரையர் சூட்டில் தண்டவாளத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டைகள் வளைந்துவிடும். அடிப்பலகை பிளைவுட் என்றால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஒருமுறை உப்பிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது, அந்தத் துண்டை மட்டும் அறுத்து மாற்றிவிடுங்கள்.

அப்புறம் தண்டவாளம். உப்புத்தாள் போடவே போடாதீர்கள், கீறலில்தான் அழுக்கு சேரும். ஜன்னலைத் திறந்துவைத்து, நூல் உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, துணியில் கறுப்பு ஒட்டுவது நிற்கும் வரைக்கும் பொறுமையாகத் துடையுங்கள். பழைய தளத்தில் இன்ஜின் ஒரே இடத்தில் திக்கித் திக்கி நிற்கிறதா, பெரும்பாலும் அங்கே இரண்டு தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புத் தகட்டின் உள்ளே களிம்பேறியிருக்கும். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் அடியிலிருந்து கரண்ட் கொடுக்கத் தனித்தனி ஒயர் சால்டர் செய்துவிட்டால் அந்தத் தொல்லை விட்டது.