டார்க் ரெஞ்ச் அளவுத்திருத்தம்: சான்றிதழ் இருந்தும் தவறு நேரும் இடங்கள்

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் தென்மேற்குப் பருவக்காற்று தணிந்த பிறகுதான் முப்பந்தல் காற்றாலைகளில் போல்ட்டுகளைச் சரிபார்த்து இறுக்கும் வேலை மும்முரமாகும். போல்ட்டைக் குறிப்பிட்ட முறுக்கு விசைக்கு இறுக்கும் கருவிகளான டார்க் ரெஞ்சுகள், பல மாதங்கள் ஸ்டோர் அறையில் கிடந்துவிட்டு அப்போது வெளியே வரும். எடுத்தவுடன் எல்லோருடைய கண்ணும் கைப்பிடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத்தான் தேடும். அதில் எழுதியிருக்கும் அடுத்த அளவுத்திருத்தத் தேதி, அதாவது ஆய்வகக் கருவியோடு ஒப்பிட்டு அளந்து பார்க்க வேண்டிய தேதி, இன்னும் வரவில்லை என்றால் கருவி சரியாக இருப்பதாக எண்ணிக்கொண்டு கோபுரத்தில் ஏறிவிடுவார்கள். இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் பராமரிப்புப் பணியிலும், பின்னர் கருவிகளின் தரக்கட்டுப்பாட்டிலும் இருந்த ஆண்டுகளில் நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஸ்டிக்கரை நம்பியதால் நேர்ந்தவை.

கையால் இயக்கும் டார்க் கருவிகளுக்கான பன்னாட்டுத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 6789 ஆகும். வேறு விதி வகுத்துக்கொள்ளாத நிறுவனங்களுக்கு அது சொல்லும் இடைவெளி பன்னிரண்டு மாதங்கள் அல்லது 5,000 இறுக்கங்கள். இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவே கெடு. முன்பாதியை எல்லோரும் அறிவார்கள். பின்பாதியை எண்ணிப் பார்ப்பவர்கள் அரிது. ஒரு பேருந்தில் நான்கு சக்கர இடங்கள், ஒவ்வொன்றிலும் பத்து நட்டுகள் என்று வைத்துக்கொண்டால், ஒரு வண்டிக்கு நாற்பது இறுக்கங்கள் ஆகின்றன. நாளொன்றுக்கு ஐந்து வண்டிகளைப் பார்க்கும் பணிமனையில் 5,000 என்பது இருபத்தைந்தே நாளில் முடிந்துவிடும். ஸ்டிக்கரிலோ இன்னும் பதினொரு மாதம் மிச்சம் இருக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 தரநிலையின்படி, வாடிக்கையாளரோடு பேசி ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, அடுத்த அளவுத்திருத்தத் தேதியை ஆய்வகம் பரிந்துரைக்கக் கூடாது. அந்தத் தேதியைத் தீர்மானிக்கும் பொறுப்பு கருவியை வைத்திருப்பவருடையது. தம்முடைய பொறுப்பை ஆய்வகம் ஏற்றுக்கொண்டதாகப் பலர் நினைத்திருப்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

சான்றிதழைக் கோப்பில் குத்துவதற்கு முன் படிக்காமல் விடுவது அடுத்த தவறு. புதிய ரெஞ்சோடு பெட்டிக்குள் வரும் தாள் பெரும்பாலும் கருவி தரநிலைக்கு ஏற்ப இருக்கிறது என்று சொல்லும் உற்பத்தியாளரின் இணக்க அறிவிப்புதான். அது அளவுத்திருத்தச் சான்றிதழ் ஆகாது. 2017-இல் இந்தத் தரநிலை இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டபோது இந்த வேறுபாடு தெளிவாக்கப்பட்டது. முதல் பகுதி இணக்க அறிவிப்பைப் பற்றியது. இரண்டாம் பகுதி அளவுத்திருத்தத்தையும், அளவீட்டு நிச்சயமின்மையை, அதாவது அளவீடு எவ்வளவு முன்பின் இருக்கக்கூடும் என்பதை, கணக்கிடுவதையும் பற்றியது. நிச்சயமின்மை குறிப்பிடப்படாத தாளை அளவுத்திருத்தச் சான்றிதழ் என்று தணிக்கையாளரிடம் நீட்டினால் அவர் ஏற்க மாட்டார், ஏற்கவும் கூடாது.

ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் இந்திய அமைப்பான என்.ஏ.பி.எல்.-இன் சின்னம் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள்கூட அதோடு நின்றுவிடுகிறார்கள். அங்கீகாரம் என்பது ஆய்வகத்தின் பெயருக்கு மொத்தமாக வழங்கப்படுவதன்று. எந்த அளவீடு, எந்த வரம்பு, எவ்வளவு நிச்சயமின்மை என்று வரையறுத்தே வழங்கப்படுகிறது. முறுக்கு விசையின் அலகான நியூட்டன் மீட்டரில் 1,000 வரை மட்டுமே அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு 1,500 நியூட்டன் மீட்டர் ரெஞ்சை அனுப்பினால், சின்னம் இல்லாத தாளாகவோ மேல் பகுதியை விட்டுவிட்ட தாளாகவோதான் திரும்பி வரும். இந்த வரையறை என்.ஏ.பி.எல். இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கருவியைக் கட்டிப் பார்சல் போடுவதற்கு முன் பத்து நிமிடம் அதைப் பார்த்துவிட்டால், இரண்டு வாரக் காத்திருப்பு வீணாகாது.

விலகலுக்கு முன்னே நிற்கும் கூட்டல், கழித்தல் குறியைத் தலைகீழாகப் புரிந்துகொள்வதுதான் என் அனுபவத்தில் மிகவும் ஆபத்தான தவறு. இந்தத் தரநிலையில் விலகல் என்பது, ரெஞ்சில் வைத்த அளவிலிருந்து ஆய்வகக் கருவி காட்டிய உண்மை அளவைக் கழித்து, மீதியை உண்மை அளவால் வகுத்துக் கிடைக்கும் விழுக்காடு. ரெஞ்சில் 100 வைத்து, உண்மையில் 97 நியூட்டன் மீட்டர்தான் கிடைத்தது என்றால், விலகல் கூட்டல் 3.1 விழுக்காடு என்று அச்சாகும். கூட்டல் குறியைக் கண்டதும், கருவி கூடுதலாக இறுக்குகிறது என்று எண்ணி அளவைக் குறைத்து வைத்தால், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் போல்ட் மேலும் தளரும். ஆகவே விழுக்காட்டைப் பார்ப்பதற்கு முன், ஐந்து ஐந்தாக எழுதப்பட்டிருக்கும் உண்மை அளவீடுகளைப் படிப்பதே நல்லது. அவை ஒன்றோடொன்று நெருங்கி நிற்கின்றனவா, சிதறிக் கிடக்கின்றனவா என்பதும் அங்கேதான் தெரியும்.

அந்த அளவீடுகள் ரெஞ்சின் உச்ச அளவில் 20, 60, 100 விழுக்காடுகளில் எடுக்கப்படுகின்றன. 200 நியூட்டன் மீட்டர் ரெஞ்ச் என்றால் 40, 120, 200. நாற்பதுக்குக் கீழே அந்தக் கருவி எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குச் சான்றிதழில் எந்தச் சான்றும் இல்லை. ஆனால் மீன்பிடிப் படகின் எஞ்சினில் சிறிய மூடி ஒன்றை 25 நியூட்டன் மீட்டரில் இறுக்க வேண்டியபோது, கையில் இருக்கிற பெரிய ரெஞ்சையே எடுக்கும் பழக்கம் குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் மட்டுமன்று, எங்கும் இருக்கிறது. 10 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட, அளவுகோல் உள்ள, வைத்த அளவை எட்டியதும் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் சாதாரண கிளிக் வகை ரெஞ்சுகளுக்கு அனுமதிக்கப்பட்ட விலகல் நான்கு விழுக்காடு. அந்த உறுதி சோதிக்கப்பட்ட வரம்புக்குள் மட்டுமே செல்லும். விலகல் 3.6 விழுக்காடு, நிச்சயமின்மை 1.2 விழுக்காடு என்று சான்றிதழ் சொன்னால், அந்தக் கருவி நான்குக்குள் இருக்கிறது என்று உறுதியாகக் கூற இயலாது. இத்தகைய நிலையில் தேர்ச்சி என்று எழுதலாமா என்பதைத் தீர்மானிக்கும் விதியை முன்கூட்டியே ஆய்வகத்தோடு பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

நான் பணியாற்றிய பராமரிப்புக் குழு ஒன்றில் ஒரு முறை, ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்திய ரெஞ்சை வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினோம். மிக நல்ல அளவீடுகளோடு சான்றிதழ் வந்தது. சில நாள் கழித்து வேறொரு விவரத்துக்காகத் தொலைபேசியில் பேசியபோதுதான், அவர்கள் முதலில் கருவியைத் திருகிச் சரிசெய்துவிட்டு, அதன் பிறகே அளந்தார்கள் என்பது தெரிந்தது. வந்தபோது எவ்வளவு தவறியிருந்தது என்பதை யாரும் குறித்து வைக்கவில்லை. அந்தப் பருவத்தில் நாங்கள் இறுக்கிய போல்ட்டுகள் போதுமான அளவு இறுகியிருந்தனவா என்ற கேள்விக்கு விடை சொல்லக்கூடிய ஒரே சான்று, நாங்கள் கேட்காமல் விட்டதால் அழிந்துபோனது. அன்றிலிருந்து ஒவ்வொரு பணி ஆணையிலும், பெறப்பட்ட நிலையில் ஓர் அளவீடு, சரிசெய்த பிறகு ஓர் அளவீடு, இரண்டும் சான்றிதழில் இடம்பெற வேண்டும் என்று எழுதியே அனுப்புகிறேன்.

காற்றாலைக் கோபுரங்களின் பெரிய போல்ட்டுகளுக்குப் பயன்படும் ஹைட்ராலிக் ரெஞ்சுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஐ.எஸ்.ஓ. 6789 அவற்றுக்குப் பொருந்தாது. அங்கே முறுக்கு விசையைத் தீர்மானிப்பது பம்பு தரும் அழுத்தமும், அந்த அழுத்தத்தை விசையாக மாற்றும் ரெஞ்சின் தலையும் சேர்ந்துதான். இவை பொதுவாக 700 பார் வரையிலான அழுத்தத்தில் இயங்குபவை. அழுத்தமானியை மட்டும் சோதித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டு, ரெஞ்சோடு வந்த பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு வேலை செய்தால், தலைக்குள் உள்ள சீல்களும் பற்சக்கரமும் தேய்ந்து விசை குறைந்திருப்பது யாருக்கும் தெரியாது. ஒரு தலையைக் கழற்றி வேறு பம்பில் மாட்டுவதும் இதே வகைத் தவறு. பம்பு, அழுத்தமானி, குழாய், தலை ஆகியவற்றை ஒரே தொகுதியாக எண்ணிட்டு, ஒன்றாகவே அனுப்பி, ஒன்றாகவே பயன்படுத்த வேண்டும்.

ஆய்வகத்திலிருந்து திரும்பிய கருவியை நாமே கெடுத்துக்கொள்வதும் உண்டு. கிளிக் ரெஞ்சை 180-இல் வைத்தபடியே பெட்டியில் போட்டால் ஸ்பிரிங் மாதக்கணக்கில் அழுந்தியே கிடக்கும். வேலை முடிந்ததும் அளவுகோலின் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும், அதற்கும் கீழே தளர்த்தக் கூடாது. உப்புக்காற்று படிந்த கருவியைப் பளபளப்பாக்க எண்ணி டீசலிலோ மண்ணெண்ணெயிலோ முக்குவது நம் கடற்கரைப் பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. அது உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்து வெளியேற்றிவிடும். கரைந்த பிறகு ஒவ்வொரு கிளிக்கும் வேறு வேறு விசையில் விழும். ஈரத் துணியால் துடைத்து, உலர்த்தி, எண்ணெய்த் துணியால் மேற்புறத்தைத் தடவி வைப்பதே போதும். துருப்பிடித்த நட்டைக் கழற்ற ரெஞ்சின் பிடியில் குழாயைச் செருகி ஏறி மிதித்தவர்களையும், கீழே விழுந்த ரெஞ்சைச் சொல்லாமல் பெட்டியில் வைத்தவர்களையும் நான் கண்டிருக்கிறேன். விழுந்ததைச் சொன்னால் திட்டு விழும் என்ற அச்சம் இருக்கும் இடத்தில் எந்த ஸ்டிக்கரும் பயன்தராது.

பட்டறையிலேயே வைஸில் பிடித்து, பிடியின் நுனியில் எடையைத் தொங்கவிட்டுச் சோதிப்பவர்கள் உண்டு. அரை மீட்டர் தொலைவில் 10 கிலோ தொங்கினால் ஏறத்தாழ 49 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். ரெஞ்சின் சொந்த எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இடைக்காலச் சரிபார்ப்புக்கு இது நல்ல வழி. அளவுத்திருத்தம் என்று பதிவேட்டில் எழுதுவதுதான் தவறு. புவிஈர்ப்பு முடுக்கம்கூட, நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள நம் மாவட்டத்தில் ஏறத்தாழ 9.78-தான், பாடநூலில் உள்ள 9.80665 அன்று. கால் விழுக்காடு வேறுபாடு பட்டறைக்குப் பொருட்டில்லை, ஆனால் எடைகளைக் கொண்டு அளக்கும் ஆய்வகம் அதைத் திருத்தாமல் விட முடியாது. தகரக் கூரையின் கீழ் நண்பகலில் செய்யும் சோதனைக்கும், 18 முதல் 28 டிகிரி செல்சியஸுக்குள் ஒரே சீரான வெப்பநிலையில் செய்யும் அளவுத்திருத்தத்துக்கும் இடையே இப்படிப் பல வேறுபாடுகள் சேர்ந்திருக்கின்றன.

நீட்டிப்புத் தலை மாட்டும்போது கணக்கு மாறுவதையும் மறந்துவிடுகிறார்கள். 400 மில்லிமீட்டர் ரெஞ்சின் முன்னே நேர்க்கோட்டில் 100 மில்லிமீட்டர் நீட்டிப்பு சேர்ந்தால், போல்ட்டில் 100 நியூட்டன் மீட்டர் வேண்டுமெனில் ரெஞ்சில் 80 வைக்க வேண்டும். பழைய கையேட்டின் கிலோகிராம் மீட்டரை நியூட்டன் மீட்டராக்க 9.80665-ஆல் பெருக்க வேண்டும். இடப்பக்கம் திருகி இறுக்கும் இடது மரை போல்ட்டுகளுக்கும் பயன்படும் ரெஞ்ச் என்றால், அந்தத் திசையிலும் அளவுத்திருத்தம் கேட்டுப் பெற வேண்டும்.

கருவி வரம்புக்கு வெளியே இருந்தது என்று சான்றிதழ் சொல்லும்போது பெரும்பாலோர் புதியது வாங்கிவிட்டு அதோடு முடித்துக்கொள்கிறார்கள். தர மேலாண்மைக்கான தரநிலையான ஐ.எஸ்.ஓ. 9001-இன் 7.1.5.2 பிரிவு அதோடு விடுவதில்லை. அந்தக் கருவியால் முன்பு எடுத்த அளவீடுகள் செல்லுமா என்று ஆராய்ந்து, தேவையான நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. அதைச் செய்ய வேண்டுமானால், எந்தக் கோபுரத்தின் எந்த இணைப்பை, எந்த நாளில், எந்த எண் கொண்ட ரெஞ்சால் இறுக்கினோம் என்ற பதிவு நம்மிடம் இருக்க வேண்டும். எங்கள் பதிவேட்டில் ரெஞ்ச் எண்ணுக்கென்று ஒரு கட்டத்தை, பெறப்பட்ட நிலை அளவீடு இல்லாமல் போன அந்தப் பருவத்துக்குப் பிறகே சேர்த்தோம். அடுத்த ஆண்டு 300 நியூட்டன் மீட்டர் ரெஞ்ச் ஒன்று 60 விழுக்காட்டுப் புள்ளியில் தவறியிருந்தது தெரியவந்தபோது, அது இறுக்கிய இணைப்புகளை மட்டும் பக்கம் புரட்டிக் கண்டுபிடித்து, வேறு ரெஞ்சால் மறுபடி சரிபார்த்துவிட்டு, காற்று எழும் முன்னரே கோபுரங்களிலிருந்து இறங்கினோம்.