லினக்ஸில் வீட்டு நெட்வொர்க்: இன்டர்நெட்டையும் பிரிண்டரையும் பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபைபர் மோடம் ஒன்று, லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் ஒன்று, லேப்டாப், சில போன்கள், மூலையில் ஒரு பழைய யூஎஸ்பி பிரிண்டர். பெரும்பாலான வீடுகளில் இவ்வளவுதான் இருக்கும். இதையெல்லாம் ஒன்றாக இணைக்க உட்காருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, தேவையே இல்லாத வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வது. வைஃபை தருவது, ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்குமான அடையாள எண்) கொடுப்பது, இன்டர்நெட்டைப் பகிர்வது எல்லாவற்றையும் மோடமே செய்துகொண்டிருக்கும்போது லினக்ஸ் கம்ப்யூட்டரை ரூட்டராக மாற்ற வேண்டிய அவசியம் அநேக வீடுகளில் கிடையாது. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பல, கம்ப்யூட்டரிலேயே டயல்-அப் மோடம் செருகியிருந்த காலத்துக்கு எழுதியவை, அதை அப்படியே பார்த்துச் செய்தால் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிற வேலையைச் செய்ய இன்னொரு ஆளைச் சேர்க்கிறீர்கள், அவ்வளவுதான்.

வீட்டு நெட்வொர்க்கில் வரும் தலைவலிகளில் பாதி இப்படி ஒரே வேலையை இரண்டு பேர் பார்ப்பதால் வருபவை. மாடியில் சிக்னல் வரவில்லை என்று இரண்டாவது ரூட்டர் வாங்குவார்கள், மோடத்திலிருந்து வரும் கேபிளை அதன் லேன் துளையில் (வீட்டுக் கருவிகளுக்கானது) செருகுவார்கள், அதன் டிஹெச்சிபியை (ஐபி முகவரி கொடுக்கும் சேவை) நிறுத்த மறந்துவிடுவார்கள். இப்போது முகவரி கொடுக்க இரண்டு பேர். யார் முந்துகிறாரோ அவருடைய முகவரி, அவர் காட்டுகிற வழி. அதனால்தான் காலையில் வந்த இன்டர்நெட் மாலையில் வராது, போனில் வரும், லேப்டாப்பில் வராது. இரண்டு பெட்டிகளுக்குமே 192.168.1.1 என்ற முகவரி இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கேபிளை வான் துளையில் (இன்டர்நெட் உள்ளே வருவதற்கானது) செருகினால் இந்தச் சண்டை இருக்காது, ஆனால் மேல்மாடி தனி நெட்வொர்க்காகிவிடும், கீழே இருக்கிற பிரிண்டர் அங்கிருந்து தானாகக் கண்ணில் படாது. இரண்டாவது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறையில் (வைஃபை மட்டும் தரும் முறை) போடுங்கள். அந்த வசதி இல்லாத பழைய ரூட்டர் என்றால் டிஹெச்சிபியை நிறுத்தி, மோடம் யாருக்கும் கொடுக்காத ஒரு முகவரியை அதற்குக் கொடுத்து, கேபிளை லேன் துளையில் செருகினால் போதும்.

சரி, லினக்ஸ் கம்ப்யூட்டர்தான் பகிர வேண்டும் என்கிற நிலைமையும் உண்டு. போன் டேட்டாவை யூஎஸ்பி வழியாக எடுக்கிறீர்கள், அதைக் கேபிளில் இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கொடுக்க வேண்டும். லினக்ஸில் இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க் மேனேஜரில் அந்தக் கேபிள் இணைப்புக்கு ஐபிவி4 (பழைய வகை ஐபி முகவரி) முறையை 'மற்ற கம்ப்யூட்டர்களுடன் பகிர்' என்று மாற்றினால் முடிந்தது. தனக்கு வழக்கமாக 10.42.0.1 என்ற முகவரியை வைத்துக்கொண்டு, முகவரி கொடுப்பது, நாட் செய்வது (பல கம்ப்யூட்டர்களை ஒரே வெளி முகவரியில் இணையத்துக்கு அனுப்புவது) எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். இதையும் செய்துவிட்டு, எங்கிருந்தோ எடுத்த ஐபிடேபிள்ஸ் (ஃபயர்வால் விதி) வரிகளையும் டெர்மினலில் ஒட்டாதீர்கள். முகவரி கொடுக்கவும் தளப் பெயர் தேடவும் உதவும் டிஎன்எஸ்மாஸ்க்கைத் தனிச் சேவையாக நிறுவி ஓடவிடவும் வேண்டாம். நெட்வொர்க் மேனேஜர் தனக்கு வேண்டியபோது அந்த நிரலைத் தானே கிளப்பும், ஏற்கெனவே ஒன்று அதற்கான வாசலான 53-ஆம் போர்ட்டைப் பிடித்து உட்கார்ந்திருந்தால் பகிர்வே தொடங்காமல் போகலாம்.

கையாலேயே அமைப்பேன் என்பவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்களும் தெரிந்தவைதான். ஐபி ஃபார்வர்டிங்கை (ஒரு பக்கம் வந்ததை மறுபக்கம் அனுப்பும் வசதி) கட்டளையால் மட்டும் இயக்கினால் மின்சாரம் போய் வந்ததும் அது காணாமல் போயிருக்கும். அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும், ஃபயர்வால் விதிகளையும் சேமிக்க வேண்டும். உள்ளே வரும் பக்கமும் வெளியே போகும் பக்கமும் ஒரே 192.168.1 வரிசையில் இருந்தால் எந்தப் பக்கம் அனுப்புவது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. வைஃபையில் வாங்கி ஈதர்நெட்டில் கொடுக்க பிரிட்ஜ் போட (இரண்டையும் ஒரே நெட்வொர்க்காக ஒட்ட) முயல்வது இன்னொன்று. வைஃபை கிளையன்ட் சாதாரணமாகத் தன் சொந்த மேக் முகவரியில் (வன்பொருள் அடையாள எண்) மட்டும்தான் பேச முடியும் என்பதால் பெரும்பாலும் அது வேலை செய்யாது, அங்கே நாட்தான் வழி. எல்லாம் சரியாக இருந்தும் பாக்கெட் (தகவல் துண்டு) மறுபக்கம் போகவில்லையா, அந்தக் கம்ப்யூட்டரில் நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஃபார்வர்ட் பாதையைத் தானாகவே மூடிவிடக்கூடும், இது தெரியாமல் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். மோடத்தை பிரிட்ஜில் போட்டு (வெறும் கடத்தியாக்கி) லினக்ஸிலிருந்தே பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) டயல் செய்கிறவர்களுக்குச் சில தளங்கள் திறக்கும், சில பாதியில் நிற்கும். இந்த இணைப்பில் பாக்கெட் அளவு 1500 பைட் கிடையாது, பொதுவாக 1492, அதற்கேற்ப எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தகவல்) அளவைக் குறைக்கும் விதியைச் சேர்க்க வேண்டும்.

இன்டர்நெட் வந்துவிட்டது, பிரிண்டர் மட்டும் தெரியவில்லை என்றதும் ஃபயர்வாலையே நிறுத்தும் பழக்கம் நம்மிடம் உண்டு. நிறுத்திப் பார்த்ததும் வேலை செய்யும், அப்புறம் அது அப்படியே கிடக்கும். நாட் இருக்கிறதே என்று இப்போது சமாதானம் சொல்ல முடியாது, ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) தரும் இணைப்புகளில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வெளியுலக முகவரியே கிடைக்கிறது. பிரிண்டர் பகிர வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் டிசிபி 631 போர்ட், கண்டுபிடிக்க யுடிபி 5353 போர்ட் (டிசிபி, யுடிபி இரண்டும் தகவல் அனுப்பும் முறைகள்), இவ்வளவு திறந்தால் போதும். யுடிபி 631-ஐத் திறக்கச் சொல்லும் பழைய குறிப்புகளை விட்டுவிடுங்கள். 2024 செப்டம்பரில் வெளியான கப்ஸ்-பிரவுஸ்டு (நெட்வொர்க் பிரிண்டர்களைத் தேடும் நிரல்) ஓட்டையில் தாக்குபவர் உள்ளே வரக்கூடிய வழி அதுதான்.

இனி பிரிண்டர். வைஃபை உள்ள பிரிண்டரை லினக்ஸ் வழியாகப் பகிர வேண்டியதே இல்லை, எல்லோரும் அதனிடம் நேராகப் பேசலாம். அதை கெஸ்ட் வைஃபையில் சேர்க்காமலும், ரூட்டரில் கிளையன்ட் ஐசொலேஷன் (கருவிகளை ஒன்றோடொன்று பேசவிடாத வசதி) இயங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள், டிஹெச்சிபியில் அதற்கென்று ஒரு முகவரியை ஒதுக்கிவையுங்கள். யூஎஸ்பி பிரிண்டர் என்றால்தான் லினக்ஸின் அச்சு மென்பொருளான கப்ஸ் வேலைக்கு வரும். இங்கே பகிர்வை இரண்டு இடத்தில் இயக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை: கப்ஸ் நிர்வாகப் பக்கத்தில் பொதுவாக ஒருமுறை, குறிப்பிட்ட அந்தப் பிரிண்டருக்குத் தனியாக ஒருமுறை. அதே பக்கத்தில் 'இன்டர்நெட்டிலிருந்து அச்சிட அனுமதி' என்றும் ஒரு பெட்டி இருக்கும், ஆர்வத்தில் அதையும் டிக் செய்துவிடாதீர்கள்.

டிரைவர் விஷயத்திலும் இரண்டு ஆள் கதைதான். பிரிண்டர் செருகியிருக்கிற கம்ப்யூட்டரில் டிரைவர் இருந்தால் போதும். மற்ற கம்ப்யூட்டரிலும் அதே டிரைவரைப் போட்டு அனுப்பினால், பிரிண்டரின் மொழிக்கு ஏற்கெனவே மொழிபெயர்த்ததை கப்ஸ் மறுபடி மொழிபெயர்க்கப் பார்த்து பக்கம் பக்கமாகக் கிறுக்கல் வரலாம். பிரிண்டர் இருப்பதை நெட்வொர்க்கில் அறிவிக்கும் அவாஹி ஓடிக்கொண்டிருந்தால் லேப்டாப்பும் போனும் பிரிண்டரைத் தானாகக் கண்டுபிடிக்கும், டிரைவர் கேட்காது. விண்டோஸ் லேப்டாப்புக்கும் ஐபிபி (இணைய வழி அச்சு முறை) முகவரி கொடுத்துச் சேர்க்கலாம், இதற்காக மட்டும் விண்டோஸ் முறையில் பகிரும் சாம்பா போடுவது வீண்.

ஹெச்பி லேசர்ஜெட் 1020 போன்ற பழைய பிரிண்டர்களுக்கு ஒரு குணம், ஃபர்ம்வேர் (பிரிண்டரை இயக்கும் நிரல்) உள்ளே தங்காது, ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் கம்ப்யூட்டரிலிருந்து ஏற்ற வேண்டும், அதற்கு ஹெச்பியின் லினக்ஸ் மென்பொருளான ஹெச்பிலிப்பின் கூடுதல் பிளக்இன் தேவை. பிளக்இன் இல்லாமல் பெயர் மட்டும் பட்டியலில் தெரிந்து ஏமாறுகிறவர்கள் அநேகம். பேப்பர் சிக்கியோ கரண்ட் போயோ ஒரு வேலை கெட்டால் கப்ஸ் அந்தப் பிரிண்டரையே நிறுத்தி வைக்கக்கூடும். பேப்பரைச் சரிசெய்தாலும் அச்சு வராது, மற்றவர்கள் அனுப்புவதெல்லாம் வரிசையில் குவியும். நிர்வாகப் பக்கத்தில் 'மீண்டும் தொடங்கு' கொடுங்கள், பிழைக் கொள்கையை 'மறுபடி முயல்' என்று மாற்றிவையுங்கள். அந்தக் கம்ப்யூட்டர் தூங்கப் போனால் பிரிண்டரும் போய்விடும் என்பதால் சஸ்பெண்டையும் நிறுத்த வேண்டும்.

எல்லாம் சரி, பிரிண்டர் விளக்கு மட்டும் கண்சிமிட்டிக்கொண்டு நிற்கிறதா? நிறுவும்போது மொழியை அமெரிக்க ஆங்கிலம் என்று விட்டிருப்பீர்கள், அதனால் தாள் அளவு லெட்டர் என்று அமைந்திருக்கும், தட்டில் இருப்பதோ ஏ4. பிரிண்டரின் இயல்பான தாள் அளவை ஏ4 என்று மாற்றிவிட்டு, வரிசையில் நிற்கிற பழைய வேலையை ரத்து செய்து மறுபடி அனுப்புங்கள்.