ஆஃப்-ரோடு டயர்: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது

ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு டயர் வாங்கப் போனால் முதலில் கண்ணைப் பறிப்பது பட்டன்தான், அதாவது தரையைத் தொடும் பக்கத்தில் இருக்கும் ரப்பர் கட்டிகள். முரட்டுப் பட்டன் என்றால் நல்ல டயர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் பட்டன் வடிவத்தை எந்தக் கம்பெனியும் பார்த்து அச்செடுத்துவிடலாம், அதனால் மலிவு டயரிலும் கிட்டத்தட்ட அதே தோற்றம் இருக்கும். விலை வித்தியாசம் பெரும்பாலும் ரப்பர் கலவையிலும் உள்ளே இருக்கும் இழைகளிலும்தான்.

அதனால் வண்டி எங்கே ஓடுகிறது என்று முதலில் யோசியுங்கள். சேறுதான் முக்கியம், விடுமுறைக்கு விடுமுறை இறக்கி விளையாடுவேன் என்றால் மலிவான மட் டெரெய்ன் (சேற்றுக்கென்று செய்த) டயரே போதும் என்பது என் கருத்து. சேற்றில் வேலை செய்வது பட்டன்களுக்கு நடுவே இருக்கும் பெரிய இடைவெளி, அது மலிவு டயரிலும் உண்டு. மணலிலும் அப்படித்தான், அங்கே பிராண்டை விட காற்றைக் குறைப்பதுதான் பெரிய வித்தியாசம் தரும்: பலரும் 15 முதல் 20 பிஎஸ்ஐ வரை இறக்கி மெதுவாக ஓட்டுவார்கள், தார்ச்சாலைக்கு வந்ததும் மறக்காமல் திரும்ப ஏற்றிவிட வேண்டும்.

காசு செலவழிக்க வேண்டிய இடம் நனைந்த தார்ச்சாலை. குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகும்போது மழை பிடித்துக்கொள்கிறது, முன்னால் போகும் லாரி திடீரென்று நிற்கிறது, அந்த நேரத்தில் இரண்டு டன் வண்டியை நிறுத்துவது ரப்பர் கலவையும் பட்டன் மேல் இருக்கும் மெல்லிய கீறல்களும்தான். சிலிக்கா சேர்த்த நல்ல கலவை ஈரத்தில் பிடிக்கும். மலிவு டயர் எல்லாமே வழுக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஈரச்சாலை பிரேக் சோதனை முடிவு எதுவும் கிடைக்காத டயரைத் தினமும் ஓட்டும் வண்டிக்குப் போடவே போடாதீர்கள். ஐரோப்பிய லேபிள் இருந்தால் ஈரப்பிடிப்பு ஏ (A, சிறந்தது) முதல் ஈ (E) வரை குறித்திருக்கும். தொழில்முறை ஆஃப்-ரோடு வகை என்று பதிந்த டயர்களுக்கு அந்த லேபிள் கட்டாயமில்லை, அதையும் கவனியுங்கள்.

அடுத்து பாறை. கூர்மையான கல் நிறைந்த பாதையில் போகிறவர்கள் கடையில் குனிந்து டயரின் பக்கவாட்டைப் படியுங்கள். ட்ரெட்டில் (தரையைத் தொடும் பகுதி) எத்தனை இழை அடுக்கு, சைட்வாலில் (பக்கவாட்டுச் சுவர்) எத்தனை அடுக்கு என்று சின்ன எழுத்தில் பல டயர்களில் இருக்கும். சைட்வாலில் 2 அடுக்கு சாதாரணம், 3 இருந்தால் கல்லுக்குக் கொஞ்சம் தைரியமாகப் போகலாம். ட்ரெட்டில் ஆணி ஏறினால் பஞ்சர் ஒட்டிக்கொள்ளலாம், சைட்வால் கிழிந்தால் டயர் குப்பைக்குத்தான், அதுவும் ஆளில்லாத காட்டுக்குள் என்றால் யோசித்துப் பாருங்கள்.

எந்த விலையில் வாங்கினாலும் லோடு இண்டெக்ஸில், அதாவது டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்ணில், சமரசம் கூடாது. 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும், 121 என்றால் 1450. வண்டிக் கையேட்டில் சொன்னதற்குக் கீழே இறங்காதீர்கள். அதற்காகத் தேவையில்லாமல் கனமான 10 பிளை (அதிக பாரம் தாங்கும் வகை) டயரையும் இலகுவான வண்டிக்குப் போட வேண்டாம், மைலேஜ் குறையும், வண்டி குதிக்கும்.

தள்ளுபடி என்றால் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நான்கு இலக்கம் 3524 என்றால் 2024-இன் 35-ஆவது வாரம். வருடத்துக்குக் கொஞ்சமாக ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: உங்களுக்குப் பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் வயதாகிவிடும், எனவே நீண்ட ஆயுள் என்று கூடுதல் விலை கொடுப்பதில் பெரிய லாபம் இல்லை. நிறைய ஓட்டுகிறவர்கள் மட்டும் விலையைக் கிலோமீட்டரால் வகுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பட்ஜெட் இடித்தால் முன்னால் இரண்டு உயர்ந்தது, பின்னால் இரண்டு மலிவு என்று கலக்கவே கலக்காதீர்கள். நான்கு சக்கரமும் சேர்ந்து சுழலும்போது சுற்றளவு மாறினால் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் டிஃபரென்ஷியலும் அடிவாங்கும். அதைவிட நடுத்தர விலையில் ஒரே மாதிரி ஐந்தாக வாங்குங்கள், ஸ்பேரும் சேர்த்துத்தான். அப்புறம் 8000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றிப் போடுங்கள், மாட்டிய பிறகு முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டை ஒருமுறை இறுக்கிச் சரிபாருங்கள்.